பருப்பு வேகுமுன் புளி: அன்றாடச் சமையலில் நாம் செய்யும் தவறுகள்

போன திங்கட்கிழமை எங்கள் வீட்டுச் சாம்பார் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் பருப்பு. கரண்டியால் கலக்கினால் ஒன்றாகும். சோற்றில் ஊற்றிப் பிசைவதற்குள் மறுபடி பிரிந்துவிடும். அவசரத்தில் துவரம்பருப்பு வைத்த குக்கரிலேயே தக்காளி, புளிக்கரைசல், முருங்கைக்காய் எல்லாவற்றையும் போட்டு மூடியிருந்தேன். ஒரே பாத்திரம், ஒரே வேலை என்ற நினைப்பு. ஐந்து விசிலுக்குப் பிறகு திறந்து பார்த்தால் முருங்கைக்காய் நார் நாராகப் பிரிந்து கிடந்தது. பருப்பு மட்டும் பல்லில் தட்டுப்பட்டது.

அன்று முதல் ஒரு வாரம், என்ன சமைத்தேன், எது கெட்டது என்று தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் படித்தபோது, உப்பு கூடிப்போனது ஒரே ஒரு நாள்தான். மற்ற நாட்களில் எல்லாம் முந்திப் போட்டதும், பிந்திப் போட்டதும், அணைக்க வேண்டிய நேரத்தில் அணைக்காமல் விட்டதும்தான். சமையல் குறிப்புகள் அளவைக் கரண்டிக் கணக்கில் சொல்லும். வேளையைப் பற்றி "பிறகு சேர்க்கவும்" என்பதோடு முடித்துக்கொள்ளும். அந்தப் பிறகு எவ்வளவு பிறகு என்பதை யாரும் எழுதுவதில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டில் பாதிக் குறைகள் அந்த ஒரு சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

பருப்பும் புளியும்

சாம்பார் பிரிந்ததற்குக் காரணம் புளி. பருப்பின் செல் சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு இருக்கும் தண்ணீரில் அது எளிதில் கரையாது. புளியானாலும் தக்காளியானாலும் கதை ஒன்றுதான். எனவே பருப்பு தனியாகக் குழைய வெந்து, மத்தால் ஒரு கடை கடைந்த பிறகுதான் புளியைக் காண வேண்டும். மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் பருப்போடு போகலாம். எண்ணெய் நுரையை அடக்கும். குக்கரின் வெயிட் வழியாக மஞ்சள் நீர் தெறித்து அடுப்பை நாசம் செய்வது குறையும்.

புளி போடாமலும் பருப்பு வேகவில்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணமுமாக இருக்கும் ஊர்களில், அந்தச் சுண்ணாம்புச் சத்து பெக்டினோடு சேர்ந்து பருப்பை இறுக வைத்துவிடும். குடிதண்ணீரில் வேக வைத்தால் அதே பருப்பு மலர்ந்துவிடும். பல மாதங்கள் டப்பாவில் கிடந்த பழைய பருப்பும் லேசில் வேகாது. அரை மணி நேரம் ஊற வைத்தால் ஓரளவு வழிக்கு வரும். சிலர் சமையல் சோடாவைச் சிட்டிகை போடுவார்கள். சீக்கிரம் வெந்துவிடும், உண்மைதான். ஆனால் பருப்பில் இருக்கும் பி1 வைட்டமின் அந்தச் சோடாவில் அழியும். வாயில் சவர்க்காரச் சுவையும் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது பிடிக்காது.

விசில் கணக்கு இன்னொரு தொல்லை. "நான்கு விசில்" என்று சொல்பவரின் குக்கர் மூன்று லிட்டரா ஐந்து லிட்டரா, அடுப்பு எவ்வளவு எரிகிறது என்று நமக்குத் தெரியாது. பெரிய தீயில் நான்கு விசில் ஐந்தாறு நிமிடத்தில் வந்துவிடும். சிறு தீயில் இருபது நிமிடமும் ஆகும். குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும். அந்த வெப்பத்தில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதே கணக்கு. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பருப்பும் அரிசியும் பொங்கும் பொருட்கள், ஆகவே குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்புத்தோல் ஒன்று ஆவிக்குழாயை அடைத்தால் பாதுகாப்பு வால்வைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

வெந்த பருப்பு ஒரு பக்கம் காத்திருக்கட்டும். இன்னொரு பாத்திரத்தில் காயும் புளிக்கரைசலும் சாம்பார் பொடியும் கொதிக்க வேண்டும். இங்கேயும் ஒரு சிறு கவனம். கத்தரிக்காய், வெண்டைக்காய் புளியில் வேகலாம். உருவம் கெடாமல் நிற்கும். உருளைக்கிழங்கைப் பச்சையாகப் புளித்தண்ணீரில் போட்டால் அரை மணி நேரமானாலும் நடுவில் கடுக்கென்று இருக்கும். அதை முன்பே அரைவேக்காடு வேக வைத்துக்கொள்ள வேண்டும். பொடியின் பச்சை வாசனை போன பிறகு பருப்பைச் சேருங்கள். பருப்பு விழுந்தபின் ஐந்து நிமிடக் கொதி போதும். அதற்கு மேல் அடுப்பில் விட்டால் அடி பிடிக்கும். வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை.

ரசம் கொதிக்கும்வரை காத்திருப்பது

ரசத்தைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேசுவேன். என் கணிப்பில் தமிழ் வீடுகளில் அதிகம் கெடுக்கப்படும் பண்டம் அதுதான். எளிமையானது என்று நினைப்பதால் அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போய்விடுகிறோம்.

ரசத்துக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் புளித்தண்ணீர், தக்காளி, உப்பு, மஞ்சள்தூள் நன்றாகக் கொதிக்க வேண்டும். புளியின் பச்சை வாடை போகும்வரை இதில் சமரசம் கிடையாது. இரண்டாம் கட்டத்தில் பருப்புத்தண்ணீரும், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம், பூண்டும் சேர்கின்றன. இதன்பின் ரசம் கொதிக்கவே கூடாது. ஓரங்களில் நுரை கூடி, நடுவை நோக்கி நகர்ந்து, மேலே பூத்து வரும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிளகிலும் சீரகத்திலும் மணமாக இருப்பவை எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். கொதிக்கக் கொதிக்க அவை காற்றில் போய்விடும். வாசல்வரை ரசம் மணக்கிறது என்று மகிழ்கிறோமே, அத்தனை மணமும் கிண்ணத்துக்கு வர வேண்டியது.

எலுமிச்சை ரசம் என்றால் கண்டிப்பு இன்னும் அதிகம். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கீழே இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகே பழத்தைப் பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும். எலுமிச்சைச் சாதத்துக்கும் இதே விதிதான்.

ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் பழக்கம் மறுபடி வந்திருக்கிறது. அதற்கென்று ஒரு தனி எச்சரிக்கை. ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனால், திரும்பி வரும்போது பர்னரின் மேல் வெள்ளிக் குளம் கட்டியிருக்கும். பாட்டி தந்த சொம்பு ஒன்றை நான் இழந்தது அப்படித்தான். புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், தீ சொம்பின் பக்கவாட்டில் ஏறக் கூடாது, தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்ட வேண்டும். வாங்கும்போது நம்பிக்கையான இடத்தில் கேட்டு வாங்குங்கள். வெள்ளீயம் வேறு, நஞ்சாகும் காரீயம் வேறு. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது எளிதல்ல. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை இரவெல்லாம் வைப்பதும், ஈயம் பூசாத பித்தளையில் புளி ஊற்றுவதும் இதே வகைத் தவறுகள்.

தாளிப்புக்கு இரண்டே வரி. எண்ணெய் காய்ந்த பிறகு கடுகு, கடுகு வெடித்து அடங்கிய பிறகு உளுத்தம்பருப்பு, அது சிவக்கும்போது மிளகாய் வற்றல், பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை. காயாத எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்காமல் ஊறிக் கிடந்து, சாப்பிடும்போது கசப்பாகக் கடிபடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் மாவும் கோந்தும் கலந்திருக்கும். பல தூள்களில் அது கோதுமை மாவு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உறையைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

மாவு பொங்காத காலை

இட்லி கல்லாகிவிட்டால் நாம் முதலில் குறை சொல்வது அரிசியை. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கு சற்று முன்பின் ஆனாலும் இட்லி வரும். இட்லியைக் கெடுப்பது பெரும்பாலும் வேறு.

மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் வெளியிலிருந்து வருவதைவிட உளுந்திலிருந்தும் அரிசியிலிருந்தும்தான் அதிகம் வருகின்றன. அவற்றில் முக்கியமானது லூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். அதுதான் அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்கி மாவைப் பொங்க வைக்கிறது. ஊறிய உளுந்தைப் பளபளவென்று ஐந்து தண்ணீர் மாற்றித் தேய்த்துக் கழுவினால் அந்த நுண்ணுயிர்களைச் சாக்கடையில் ஊற்றுகிறோம் என்று பொருள். ஊற வைக்கும் முன் நன்றாகக் கழுவுங்கள். ஊறிய பிறகு அந்தத் தண்ணீரையே தெளித்து அரையுங்கள்.

அரைக்கும்போது சூடு ஏறக் கூடாது. மிக்சியில் உளுந்தை அரைத்தால் ஜார் கொதிக்கிறது. மாவு பஞ்சுபோல் உப்புவதற்குப் பதில் கொழகொழவென்று நிற்கிறது. மிக்சிதான் இருக்கிறது என்றால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டுங்கள். கல் கிரைண்டர் மெதுவாகச் சுற்றுவதால் சூடு குறைவு, மாவில் காற்றும் அதிகம் சேரும். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அதன் அருமை, ஒரு வாரம் அது பழுதுபட்டுக் கிடந்தால்தான் தெரிகிறது.

பிறகு வேளை. 30 டிகிரி வெப்பத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். சித்திரை மாதத்துச் சென்னையில் அதற்கு முன்பே பொங்கிவிடும். மார்கழியில் கொடைக்கானலில் அதே மாவு அடுத்த நாள் மதியம்வரை அசையாமல் கிடக்கும். இரவு பத்து மணிக்கு அரைத்தேன், காலை ஆறு மணிக்கு எடுத்தேன் என்ற கடிகாரக் கணக்கை விட்டுவிட்டு மாவைப் பார்க்க வேண்டும். உப்பு புளிப்பைச் சற்று மட்டுப்படுத்தும் என்பதால் வெயில் காலத்தில் அரைத்தவுடனும், குளிர் காலத்தில் பொங்கிய பிறகும் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அர்த்தமுள்ள வழக்கம்.

பொங்கிய மாவைக் கரண்டியால் அடித்துக் கலக்குவதுதான் பெரும்பாவம். இரவெல்லாம் சேர்ந்த காற்றை அரை நிமிடத்தில் வெளியேற்றிவிடுகிறோம். இட்லிக்கு மேலாக அள்ளி ஊற்றுங்கள். அடிமாவு தோசைக்குப் போகட்டும். கொப்பரைத் தண்ணீர் கொதித்த பிறகே தட்டை இறக்குங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். வெந்ததும் உடனே கரண்டியால் குத்தி எடுத்தால் பாதி இட்லி தட்டிலேயே தங்கும். இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுத்தால் முழுசாக வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவைச் சில்லென்று அப்படியே காய்ந்த கல்லில் ஊற்றினால் தோசை விரியாமல் கரண்டியோடு வருவதற்கும் இந்தப் பொறுமையின்மைதான் காரணம். மாவு அரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும். கல்லில் தண்ணீர் தெளித்து, நறுக்கிய வெங்காயத்தால் ஒருமுறை தேய்த்துவிட்டு ஊற்றுங்கள்.

மிஞ்சிய சோறு

இதுவரை சொன்னவை நாக்கைக் கெடுக்கும் தவறுகள். இது வயிற்றைக் கெடுக்கும் தவறு.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். சோறு கொதிப்பதால் அந்த வித்துகள் முழுவதும் அழிவதில்லை. மதியம் வடித்த சோறு மேடையிலேயே மாலைவரை கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "நன்றாகச் சூடு செய்துதானே சாப்பிட்டோம்" என்பது பிரபலமான வாதம்; இந்த விஷயத்தில் அது செல்லாது. வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கும். நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் அப்படித்தான். ஆவி பறக்கும் சோற்றை ஆழமான டப்பாவில் அழுத்தி அடைத்து உள்ளே வைத்தால் நடுப்பகுதி குளிர நீண்ட நேரம் பிடிக்கும். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு வையுங்கள்.

அப்படியானால் பழைய சோறு? நானே கேட்டுக்கொண்ட கேள்வி. அது மறந்துபோன சோறு அல்ல. ஆறியதும் சோறு மூழ்கும்வரை சுத்தமான தண்ணீர் ஊற்றி, கழுவிய மண்பானையில் மூடி வைப்பது. லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் வளர்ந்து இரவில் தண்ணீர் புளிக்கிறது. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. மதியச் சோற்றை மாலை ஏழு மணிவரை திறந்து போட்டுவிட்டு, அதன் பிறகு தண்ணீர் ஊற்றிப் "பழையது" என்று பெயர் வைத்தால் அது வேறு பொருள். காலையில் கையில் எடுத்தால் வழவழப்பாக இருந்தாலோ, புளிப்பைத் தாண்டி வேறு வாடை வந்தாலோ சின்ன வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சோற்றைக் கொட்டிவிடுங்கள்.

மதிய டப்பாவுக்கும் இதுவே பொருந்தும். புளியோதரை வழிப்பயணத்துக்குத் தாங்குகிறது என்றால் அதற்குப் புளியும் எண்ணெயும்தான் காரணம். தேங்காய்ச் சாதம் தாங்காது. தயிர் சாதத்தைக் காலையில் புளித்த தயிரோடு பிசைந்து கட்டினால் மதியம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். சோற்றைக் குழைத்து, காய்ச்சி ஆறிய பாலில் பிசைந்து, உறைக்கு ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள். பன்னிரண்டரை மணிக்கு டப்பாவைத் திறக்கும்போது இனிப்பான தயிர் சாதமாகியிருக்கும். சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே தயிர் விட வேண்டும்; கொதிக்கும் சோற்றில் விட்டால் தயிர் திரிந்துபோகும்.

திரிவது என்றதும் மோர்க்குழம்பு நினைவுக்கு வருகிறது. அரைத்த தேங்காயும் ஊறிய பருப்பும் மோரைத் திரியாமல் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் தளதளவென்று கொதித்தால் எதுவும் காப்பாற்றாது. மேலே நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். திருநெல்வேலிச் சொதிக்கும் யாழ்ப்பாணத்துச் சொதிக்கும் முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றுவதும், எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழிவதும் இதே காரணத்தால்தான். கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே பயம்.

சின்னச் சின்னப் பிசகுகள்

கீரையை மூடி வேக வைத்தால் நிறம் செத்துப் பாசியாகிவிடும். கீரையிலிருந்து ஆவியாகும் அமிலம் மூடியில் முட்டி மறுபடி உள்ளே விழுவதால், பச்சையத்தில் இருக்கும் மக்னீசியம் கழன்றுவிடுகிறது. திறந்து வைத்து, சீக்கிரம் இறக்குங்கள். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்த பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால் பொரியல் பசையாகும். உப்புமாவுக்கு ரவையை வறுக்காமல் விட்டுவிட்டு "உப்புமா பிடிக்காது" என்று சொல்பவர்களிடம் எனக்கு வழக்கு உண்டு. பொரியலுக்குத் தேங்காயை முதலிலேயே போடுவானேன்? அடுப்பை அணைத்தபின் தூவினால் போதும்.

அப்பளம் பொரித்த எண்ணெயை வாணலியோடு மூடிவைத்து, நாளைக்கு வடை, நாளன்றைக்கு வற்றல் என்று ஓட்டுவது பலர் வீட்டு ரகசியம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், 2018 ஜூலை முதல், பொரித்த எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருட்களுக்கு 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது கடைகளுக்கான விதி. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, நுரை தள்ளி, லேசான சூட்டிலேயே புகைந்தால் அந்த எண்ணெய்க்கு விடைகொடுத்துவிட வேண்டும். அதைவிட, முதலிலேயே குறைவாக ஊற்றிப் பொரிப்பது எளிது.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன், அதில் எனக்கே குற்ற உணர்ச்சி இருப்பதால். டீயிலும் காபியிலும் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பு ஆகியவற்றின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடச் சொல்கின்றன. கீரையை இறக்கியபின் சிறிது எலுமிச்சை பிழிந்தால் அதன் வைட்டமின் சி, இரும்பு உடலில் சேர உதவும்.

அந்த வாரம் முடிந்தது மீன் குழம்போடு. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் சங்கரா கிடைத்தது. இந்த முறை அவசரப்படவில்லை. புளியும் மிளகாய்த்தூளும் கொதித்து, குழம்பு சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்த பிறகே துண்டங்களைப் போட்டேன். போட்டபின் கரண்டியைத் தொடவில்லை. துணியால் மண்சட்டியின் விளிம்பைப் பிடித்து மெல்ல ஒரு சுழற்று, பத்து நிமிடம், அடுப்பு அணைந்தது. ஒரு துண்டம்கூட உடையவில்லை. ஆறியதும் பாதியை ஃபிரிட்ஜில் வைத்தேன், மறுநாள் காலை இட்லிக்கு. உள்ளே புளி ஊறிய மீன் குழம்பின் ருசி தெரிந்தவர்களுக்கு அந்தப் பாதியை இரவு முழுக்கக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் எடுத்துப் பார்த்தபோது இரண்டு துண்டம் குறைந்திருந்தது.